பிள்ளையாரிடம் வாங்கிய பிள்ளை

அடியார்களே, போன வைகாசியில் சுவிஸில் இருக்கிற என் தங்கச்சி ரஞ்சியிடமிருந்து அவளுடைய ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டிப்போனது அந்த நாட்டுப் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகம். பிள்ளையை விற்றாள் என்று சந்தேகம். வாங்கின ஆள் நான். பரந்தனுக்குக் கிட்ட வயல் செய்கிறவன். ஒரு மாட்டைக்கூடப் பேரம் பேசி வாங்கத் தெரியாதவன்.

மருமகள் ஆரபி இங்கேதான் பிறந்தாள். கொடி சுற்றிப் பிறந்தவள். கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். அதோடு பிறந்தநாள் தொட்டுச் சளியும் இழுப்பும். அதனால் எங்கள் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு அவளை விற்று வாங்கினோம். ரஞ்சி பிள்ளையைச் சந்நிதியில் கிடத்தி, "இனி இது உன்ர பிள்ளையப்பா" என்று கொடுத்தாள். தாய்மாமன் நான் உண்டியலில் காசு போட்டு, ஐயரின் கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தங்கச்சியின் மடியில் வைத்தேன். உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி விற்று வாங்கப்பட்டவர்கள்தான்.

பிள்ளை தேறிவிட்டாள். இரண்டு வயதில், சுவிஸில் இருந்த தகப்பனிடம் தாயோடு போனாள். அந்த மனிசன் மாரடைப்பில் போன பிறகு ரஞ்சி தனியாகத்தான் அவளை வளர்க்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர், விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறா. ஏழு வயதுப் பிள்ளை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். என்னைக் குழந்தையில் அம்மா விற்றவா, மாமா வாங்கினவர், இப்போது மாமாவிடம்தான் போகிறேன் என்று. பிளேன் ரிக்கற்றும் போட்டிருந்தது. ரீச்சர் பயந்துபோய் அறிவித்துவிட்டா. அவாவில் நான் பிழை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன்.

அலுவலகத்தார் வீட்டுக்கு வந்து கேட்டபோது ரஞ்சி உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் வன்னிச் சனம். எத்தனை சோதனைச்சாவடி, எத்தனை முகாம் கண்டு வந்தவர்கள். விசாரணை என்றால் எங்கள் வாயில் முதலில் வருவது "தெரியாது" என்கிற சொல்தான். அவளும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டுச் சாமித்தட்டில், விற்று வாங்கின அன்று எடுத்த படம் இருந்தது. அதில் நான் உண்டியலில் காசு போடுகிறேன், ஐயர் பிள்ளையை நீட்டுகிறார். அது நான்தான் என்று ஆரபியே வந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். தாய் பொய் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது. விசாரணை முடியும்வரை பிள்ளையை வேறொரு குடும்பத்தில் விட்டார்கள்.

"அண்ணா, அவளின்ர கால் சப்பாத்து வாசல்ல கிடக்குது. எடுத்து வைக்க மனம் வருகுதில்லை" என்று ரஞ்சி போனில் அழுதாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரிலும் சும்மா இருந்தார்களா? "மாமனுக்கு ஆகாது எண்டது சரியாப் போச்சுது, பாத்தியளே" என்றார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு எங்கள் ஊரில் ஆள் தேடத் தேவையில்லை.

அலுவலகத்தார் என்னோடும் வீடியோவில் கதைக்கவேண்டும் என்று நேரம் தந்தார்கள். "அண்ணா, நீங்களும் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றாள் ரஞ்சி. நானும் ஓம் என்றேன்.

அதற்கு முதல் நாள் பின்னேரம் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, கால் சேற்றோடு கோயில் வாசலில் போய் நின்றேன். தேவாரம் ஒன்றும் வரவில்லை. சண்டைதான் வந்தது. "பிள்ளையாரே, அவள் உன்ர பிள்ளை. உனக்குத்தானே வித்தனாங்கள். உன்ர பிள்ளையை ஆரோ கொண்டுபோக நீ மோதகம் தின்றுகொண்டு இருக்கிறாய். நாளைக்கு நான் என்ன சொல்ல? நீயே சொல்லு!" பெரிய ஆம்பிளை நான் அங்கே விக்கி விக்கி அழுதேன்.

அசரீரி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அழுது முடிந்தபோது நெஞ்சுக்குள் ஒரு தெளிவு வந்தது. ஊர் பார்க்க, சுவாமிக்கு முன்னால் செய்த காரியம். இதை ஏன் நான் ஒளிக்கவேண்டும்? கள்ளன்தானே ஒளிப்பான்.

அடுத்த நாள் மதியம். வீட்டில் சிக்னல் வராது. குளக்கட்டில்தான் நன்றாக வரும். அதனால் கோயில் வேம்பின் கீழே நின்று கதைத்தேன். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாவும், மொழிபெயர்க்க ஒரு தமிழ்த் தங்கச்சியும் இருந்தார்கள்.

"அண்ணை, நீங்கள் அந்தப் பிள்ளையை வாங்கினீங்களோ எண்டு கேக்கிறா."

"ஓம் தங்கச்சி. நான்தான் வாங்கினனான். என்ர தங்கச்சி பயத்தில பொய் சொல்லிப்போட்டாள். அதுக்கு அந்த அம்மாவிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன்."

ஆரிடம் வாங்கினீர்கள் என்று அடுத்த கேள்வி. வாயைத் திறக்கிறேன், குளக்கட்டில் ஒரு வான் வண்டி வந்து நிற்கிறது. நெடுங்கேணியிலிருந்து ஒரு குடும்பம், கையில் குழந்தை. திருவிழாவுமில்லை, வெள்ளிக்கிழமையுமில்லை. சாதாரண நாளில் அந்த வெயிலில் ஐயரும் நானும் காகமும்தான் அங்கே இருப்போம். எதற்கு வந்தீர்கள் என்று ஐயர் கேட்டார். அந்தத் தாய் சொன்னா, "பிள்ளையை வித்து வாங்க வந்தனாங்கள் ஐயா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தத் தாயிடம் ஓடிப்போய், என் நிலையைச் சொல்லி, இதைப் போனில் காட்டலாமோ என்று கேட்டேன். "காட்டுங்கோ அண்ணை, எங்கட பிள்ளையால இன்னொரு பிள்ளை தாயிட்டப் போகட்டும்" என்றா.

எல்லாம் அந்த வெள்ளைக்கார அம்மாவின் கண்முன்னால் நடந்தது. தாய் கொடுத்தா. அந்தப் பிள்ளையின் மாமன் காசு போட்டார். ஐயர் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். பிள்ளை திரும்ப மடிக்கு வந்ததும் தாய் குலுங்கி அழுதா.

"ஏன் அழுகிறா எண்டு கேக்கிறா அண்ணை."

"பிள்ளை இனித் தப்பிடும் எண்ட சந்தோசம்."

"அப்ப பிள்ளை இப்ப ஆருக்குச் சொந்தமாம்?"

"பிள்ளையாருக்கு. நாங்கள் வளக்கிறம், அவ்வளவுதான். அவற்ற பிள்ளையில கைவைக்க எங்களுக்கு உரிமையில்லை. ரஞ்சி ஆரபிக்கு ஒருநாளும் அடிச்சதில்லை. பிள்ளையையே கேட்டுப்பாருங்கோ."

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டா. பிறகு என்னவோ சொன்னா. அதை அந்தத் தங்கச்சி மொழிபெயர்த்தா. "அண்ணை, தங்கட வேலையும் அதுதானாம். பிள்ளை தாய்தகப்பன்ர உடைமை இல்லை எண்டு பாக்கிறதுதானாம்."

பிறகும் விசாரித்தார்கள், அயலைக் கேட்டார்கள், டொக்டரிடம் காட்டினார்கள். அது அவர்கள் கடமை. ஆனி முடியமுன்னம் ஆரபி வீட்டுக்கு வந்து தன் சப்பாத்தைத் தானே எடுத்து வைத்தாள். அதோடு விடவில்லை. ரஞ்சி வேலையால் திரும்பி வரும்வரை பிள்ளையைப் பார்க்க ஆள் ஒழுங்கு செய்தார்கள். தமிழில் கதைத்து உதவி கேட்க ஒரு வழியும் காட்டினார்கள். பறித்துப்போனார்கள் என்று நான் திட்டின அதே கைகளால்தான் பிள்ளையார் என் தங்கச்சிக்குத் துணை அனுப்பினார்.

ஆடியில் இருவரும் வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து பரந்தனுக்கு வரமுன்னமே வானுக்குள் நாங்கள் அழுதழுது சிரித்தோம். பிள்ளை வந்தால் செய்வதாக நான் நேர்ந்தபடி மோதகம் அவித்து, சிதறுதேங்காய் அடித்தோம். தேங்காய் சிதறின சத்தம் எனக்கு வெற்றி முரசாகக் கேட்டது.

அப்போது ஆரபி தன் சின்னப் பையைத் திறந்து, சுவிஸ் காசு ஒரு பிராங்கை எடுத்து உண்டியலில் போட்டாள்.

"என்னத்துக்கடி?" என்றேன்.

"நீங்கள் என்னை வாங்கினீங்கள்தானே மாமா. இப்ப நான் உங்களை வாங்கிறன்."

"விக்கிறது ஆர்?" என்று ஐயர் சிரித்தார்.

"நான்தான் ஐயா, வித்துப்போட்டன்" என்றாள் ரஞ்சி.

இப்போது வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற யார் போன் எடுத்தாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். கேட்டால் ஒளிக்காதீங்கோ. உதவி வேணுமெண்டால் நீங்களே போய்க் கேளுங்கோ. அடியார்களே, உங்களுக்கும் அதுதான். பிள்ளையை அவர் காலடியில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்கள். சண்டை பிடிக்கவேண்டுமென்றால் பிடியுங்கள், அவர் கோவிக்கமாட்டார். கொடி சுற்றிப் பிறந்தவள் மாமனுக்கு ஆகாது என்றவர்களே, வந்து பாருங்கள். அவள் ஒரு பிராங்குக்கு வாங்கின மாமன் நான் கல்லுப்போல நிற்கிறேன்.