நடுகல்லில் நான் போட்ட மஞ்சள் வட்டம்

போன மார்கழியில், ஆலங்காயம் பக்கம் ஒரு வயலில் நிற்கும் நடுகல்லின் படத்தை இங்கே போட்டிருந்தேன். இந்த வலைப்பூவில் வேறு எதற்கும் அவ்வளவு கேள்விகள் வந்ததில்லை. எப்படிப் போவது, சைக்கிளில் முடியுமா, ஒரே நாளில் திரும்பலாமா என்று பலர் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "கல்லின் மார்பில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிகிறதே, அது என்ன?" என்று கேட்டிருந்தார். "ஊர்க்காரர்கள் கும்பிடும் கல். மஞ்சள் பூசியிருப்பார்கள்" என்று பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி பதில் எழுதினேன். அந்தப் பதிலை இன்னும் அழிக்கவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும்.

முதல் தடவை போனபோது தூரம், நேரம் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிளம்பினேன். இந்த முறை என் மனைவி மேரியும் வந்தாள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருடமாகத் தோல் செலக்‌ஷன் பார்க்கிறேன். பதப்படுத்தி வரும் தோலை மேசையில் விரித்து, ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு எங்கே இருந்தாலும் மஞ்சள் மெழுகு க்ரேயானால் வட்டம் போட்டு, நடுவில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். வெட்டுகிறவர் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு மீதியை வெட்டுவார். என் கண்ணில் ஓட்டை தப்பாது என்று டிபார்ட்மென்டில் பெயர். வீட்டில் அதே கண் தோசையில் கருகிய இடத்தைத்தான் முதலில் பார்க்கும் என்று மேரி சொல்வாள். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது சலித்துப்போய் சைக்கிளுக்கு மாறினேன்.

காலை 5.40-க்கு ஆம்பூரில் கிளம்பினோம். என்னிடம் இருப்பது பழைய கியர் சைக்கிள். மேரியுடையது முன்னால் கூடை வைத்த சாதாரண லேடீஸ் சைக்கிள். இதைச் சொல்வது, விலை உயர்ந்த சைக்கிள் இல்லாமலும் இந்த வழியில் போகலாம் என்பதற்காக. வாணியம்பாடி வரை என் மீட்டரில் 17 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஏறவே ஏறாதீர்கள்; சர்வீஸ் ரோடு கிடைக்கும் இடங்களில் அதையே பிடியுங்கள். ஈரத்தோல் ஏற்றிய லாரி முன்னால் போனால் ஐந்து நிமிடம் நின்று அதைப் போகவிடுவது நல்லது. எனக்கு அந்த வாடை பழகிவிட்டது. மேரி பதினேழு வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

7 மணிக்கு வாணியம்பாடி. ஆளுக்கு நான்கு இட்லி, ஒரு வடை, டீ, இருவருக்கும் சேர்த்து 130 ரூபாய். (பிரியாணி எங்கே சாப்பிடலாம் என்று கேட்கிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குக் கேட்கிற கேள்வியா அது?) பாலாற்றுப் பாலத்தில் பத்து நிமிடம் நின்றோம். தண்ணீர் இல்லை. மணலும் முள்செடியும்தான் இருந்தன.

அங்கிருந்து ஆலங்காயம் சாலை. மீட்டரில் 19 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் ஆனது. கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் மெல்ல ஏறும். பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் நிற்காது. இரண்டு பக்கமும் தென்னை, மாந்தோப்பு, நடுவில் நிலக்கடலை வயல்கள். தொலைவில் மலை நீலமாகக் கூடவே வரும். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஊருக்குச் சற்று முன்னால் டீக்கடையில் சைக்கிள்களை நிறுத்திவிட்டு, மண் பாதையில் இரண்டரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். சைக்கிளை அங்கே கொண்டுபோகாதீர்கள். கருவேல முள் டயரைப் பதம் பார்த்துவிடும்.

நடக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. வழியெல்லாம் கடலை முளைத்து ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. நடுகல் இருக்கும் வயல் மட்டும் வெறுமையாக, புல் மண்டிக் கிடந்தது. மார்கழியில் நான் வந்தபோது அதை நன்றாக உழுது, எரு கொட்டி, விதைக்கத் தயாராக வைத்திருந்தார்கள்.

வரப்பில் ஏறியதும் ஒரு பெண் வேகமாக எங்களை நோக்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்தது; வயல் அவருடையது. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். என் கழுத்தில் தொங்கிய கேமராவையும் கையில் இருந்த நோட்டையும் பார்த்தார்.

"சர்வேயா சார்? எப்ப அளக்கப் போறீங்க? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"சர்வே எல்லாம் இல்லம்மா. சும்மா கல்லப் பாக்க வந்தோம்."

"எல்லாரும் அப்டிதான் சொல்வீங்க. குறி போட்டுட்டுப் போயி ரெண்டு மாசமாவப் போவுது. நெலத்த எட்த்துக்கறீங்களா இல்லையான்னு ஒரு வார்த்த கெடையாது."

கல்லுக்கு அருகே அழைத்துப்போய்க் காட்டினார். இடுப்பு உயரக் கல். கையில் வில்லோடு ஒரு வீரன். அவன் மார்பில், விரல் நுழையும் அளவு குழியைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். நடுவில் பெருக்கல் குறி. வலது பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்ட முடிவு.

பதினேழு வருடமாக, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் நான் போடும் வட்டம் அது. என் கையெழுத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அதைப் போட்டது சத்தியமாக ஞாபகத்தில் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு க்ரேயான் கிடக்கும். குழியைக் கண்டதும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. பிறகு படம் எடுத்து, ஊரெல்லாம் பார்க்கப் போட்டு, வட்டம் என்ன என்று கேட்டவருக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். மேரி கல்லைப் பார்த்தாள், என் சட்டைப் பையைப் பார்த்தாள். அந்த மஞ்சள் கறையைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போனவள் அவள்.

கஸ்தூரி பேசிக்கொண்டே இருந்தார். "பக்கத்து ஊர்ல ரோடு போட்டப்ப மொதல்ல இப்டிதான் கல்லுல குறி வச்சாங்க. அப்பறம் வெளைஞ்ச பயிரு மேலயே மிஷின ஏத்திட்டாங்க. அதான் எங்க ஊட்டுக்காரரு வெதைக்க வாணான்னுட்டாரு. வெதைக் கொட்டை மூட்டையா அப்டியே கீது. யார கேட்டாலும் தெர்லன்றாங்க. ஒரே பேஜாரு சார்."

"இப்ப விதைச்சா வராதா?" என்று மேரி கேட்டாள்.

"தை முடியறதுக்குள்ள போட்டா காய் புடிக்கும்க்கா. மாசில போட்டா வெறும் கொடிதான். இன்னும் ஆறு நாளு கீது."

உண்மையைச் சொல்கிறேன்: பேசாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. யாருக்குத் தெரியும்? சர்வே இல்லை என்று எங்கோ கேள்விப்பட்டதாகச் சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். ஆனால் எங்கோ கேட்ட பேச்சை நம்பி யாரும் விதையை மண்ணில் போடமாட்டார்கள்.

"அம்மா, அந்தக் குறிய போட்டது நான்தான்" என்றேன்.

"இன்னா சார் சொல்ற நீ?"

சொன்னதை அவர் நம்பவில்லை. பையில் இருந்த க்ரேயானை எடுத்து என் செருப்பின் மேல் அதே வட்டத்தையும் பெருக்கலையும் போட்டுக் காட்டினேன். குனிந்து செருப்பைப் பார்த்தார். நிமிர்ந்து கல்லைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எதுக்குப் போட்ட?"

"எங்க வேலையில, தோல்ல ஓட்டை இருந்தா இப்படிப் போடுவோம். இந்த இடம் ஆகாது, ஒதுக்கிடணும்னு அர்த்தம்."

"ஆகாதா?" கல்லின் முன்னால் வந்து நின்றுகொண்டார். "அது ஓட்டை இல்ல சார். எங்க சாமி வேடியப்பனுக்கு அம்பு பட்ட எடம். மாட்ட ஓட்டிட்டுப் போனவன மறிச்சி வாங்குன அம்பு. அது பட்டதாலதான் கல்லு நட்டாங்க. ஒரு காயமும் படாதவனுக்கு எவன் கல்லு நடுவான்? நீ அத ஒதுக்கச் சொல்லிக் குறி போட்டுக்கிற. அதோட என் ஒரு போகத்தையும் ஒதுக்கிட்ட."

வெட்கமாக இருந்தது. தப்புதான் என்று மட்டும் சொன்னேன்.

அவர் அங்கேயே போனில் கணவரைக் கூப்பிட்டார். போனை என்னிடம் கொடுத்து, நானே சொல்லும்படி செய்தார். மறுமுனையில் இருந்து, "நெஜமா ரோடு இல்லையா சார்?" என்று ஒரே கேள்வி. இல்லை, குறி என்னுடையது என்றேன். "அப்ப இன்னிக்கே கொட்டைய ஒடைக்கச் சொல்லு சார்" என்றார்.

விதைக்கடலையை மிஷினில் உடைக்க மாட்டார்கள். பருப்பின் மேல்தோல் கிழிந்தால் முளைக்காது. கையால்தான் உடைக்க வேண்டும். நாற்பது கிலோ மூட்டை. கஸ்தூரி, தெருவில் இருந்து வந்த மூன்று பெண்கள், நாங்கள் இருவர் என ஆறு பேர். 11 மணிக்கு அவர் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அன்றைய திட்டத்தில் மலையடிவாரத்தில் இன்னொரு நடுகல்லும் ஒரு பழைய ஏரிக்கரையும் இருந்தன. இரண்டையும் பார்க்கவில்லை. அவற்றைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

முதல் அரை மணி நேரத்தில் என் கட்டைவிரல் நகம் பிய்ந்தது. என்னால் ஒரு படி உடைக்கும் நேரத்தில் மற்றவர்கள் மூன்று படி உடைத்தார்கள். மேரிதான், "இவர ஒடைக்க உடாதீங்க, பொறுக்க உடுங்க. அதுதான் இவரு தொழிலு" என்றாள். உடைத்த பருப்பை முறத்தில் கொட்டி என் முன்னால் தள்ளினார்கள். தோல் கிழிந்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது, இரண்டாகப் பிளந்தது. விரல் தானாக ஓடியது. கஸ்தூரி நான் ஒதுக்கியதை எடுத்துப் பார்த்தார், பிறகு நான் விட்டதையும் கிளறிப் பார்த்தார். காலையில் இருந்து முதல் முறையாகக் கோபம் இல்லாமல் பேசினார்.

"கண்ணு நல்லாதான் கீது. கைதான் ஜாஸ்தி."

மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொடுத்தார். மாலை 4.30-க்கு மூட்டை முடிந்தது. க்ரேயான் குறியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிடுகிறேன் என்றேன். வேடியப்பன் மேல் மண்ணெண்ணெயா என்று அதற்கும் திட்டு வாங்கினேன். விதைப்புக்கு முன்னால் எப்படியும் கல்லுக்கு எண்ணெய் வைத்து மஞ்சள் பூசுவது வழக்கமாம். அன்று மாலையே கஸ்தூரி மஞ்சளைக் குழைத்து மார்பு முழுக்க அப்பினார். என் வட்டம் அதற்குள் போய்விட்டது. ஆனால் அம்பு பட்ட குழியில் மட்டும் விரலை விட்டு, மஞ்சள் அடைக்காமல் சுத்தமாக வழித்து எடுத்தார்.

திரும்பும்போது மிதிக்கத் தெம்பு இல்லை. டீக்கடையில் நின்ற குட்டியானை லோடு வண்டிக்காரர் வாணியம்பாடிக்கு 500 கேட்டார், 400-க்கு இறங்கினார். "தோல் கம்பெனி ஆளா சார், கடலை வெதைக்க வந்தீங்களா?" என்று சிரித்தார். அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வாணியம்பாடியில் இருந்து ரயில் கிடைத்தாலும் சைக்கிளோடு ஏறுவது தொல்லை. நாங்கள் மெதுவாக மிதித்தே 9 மணிக்கு வீடு சேர்ந்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மார்கழி, தை நல்ல மாதங்கள். பங்குனிக்கு மேல் வெயிலில் அந்த ஏற்றம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், பஞ்சர் கிட் கட்டாயம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கஸ்தூரி கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. ஆலங்காயத்துக்கு முன்னால் உள்ள டீக்கடைகளில் வேடியப்பன் கல் என்று கேட்டால் வழி சொல்வார்கள். வயலில் இறங்கும் முன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு இறங்குங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சிலர் நடுகல்லில் சாக்பீஸ் தடவுகிறார்கள், அதையும் செய்யாதீர்கள். நமக்கு அது ஒரு கோடு. அந்த நிலத்தில் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நமக்குத் தெரியாது.

பன்னிரண்டு நாள் கழித்துத் தனியாக ஒரு நடை போய்வந்தேன். படம் எடுக்க இல்லை; தூக்கம் வரவில்லை, அதனால். வயல் முளைத்திருந்தது. மற்ற வயல்களை விடக் குட்டையாக, ஆனால் வரிசை வரிசையாக. வரப்பில் நின்று பார்த்தேன். கை சட்டைப் பைக்குப் போனது. பை காலி, நான் கிளம்பும் முன்பே மேரி சோதனை போட்டிருந்தாள்.

கஸ்தூரி களைக்கொத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எண்ணிட்டியாண்ணா? எத்தினி எடத்துல மொளைக்கல?"

எண்ணித்தான் இருந்தேன். "பதினேழு" என்றேன்.

"பத்தொம்பது. ரெண்ட உட்டுட்ட" என்று சொல்லிவிட்டு, மடியில் இருந்து ஒரு பருப்பை எடுத்து மண்ணில் ஊன்றினார்.