காசில்டாவின் கரண்டி

காசில்டா கை ஓயாமல் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மசமோரா என்னும் இனிப்புச் சோளக்கூழ், கொஞ்சம் அசந்தால் அடிபிடித்துவிடும். லிமாவில் ஆற்றுக்கு இக்கரையில், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்கள் குடியிருக்கும் மாலம்போவில், அவளுடைய கூழுக்குத் தனிப் பெயர். அதை விற்றுத்தான் தன் தாய் வென்டூராவை எசமானர் வீட்டிலிருந்து மீட்டு வந்தாள்.

காசில்டா பிறந்த அதே மாதத்தில்தான் எசமானிக்கு மென்சியா பிறந்தாள். வென்டூராவின் பால் மென்சியாவுக்குப் போயிற்று. காசில்டா கழுதைப்பாலில் வளர்ந்தாள். அதை அவள் மறந்ததே இல்லை.

இப்போது வென்டூரா படுத்த படுக்கை. நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவள். புரட்டிப் படுக்க வைக்க, புண் துடைக்க என்னைக் கூப்பிடுவார்கள். புண் ஆறிவந்தது. சாப்பாடுதான் இறங்கவில்லை. மகள் கரண்டியை நீட்டினால் கிழவி வாயை இறுக்கிக்கொள்வாள்.

மென்சியா வண்டியில் வந்து இறங்கினாள். அதே பானைக் கூழ், அதே கரண்டி. அவள் ஊட்டியதும் கிண்ணம் காலியானது.

"பாத்தியா காசில்டா? எங்கிட்டன்னா எப்படிச் சாப்பிடறா! இங்க பட்டினி கிடக்க வேணாம். நாளைக்கு எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

அவள் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டுப் பெட்ரோனா எட்டிப் பார்த்தாள். "பாலூட்டின பாசம்டி! உனக்கு வேணும்னா அந்தக் கழுதையத் தேடிப் போ."

"வாய மூடு. இல்லன்னா இந்தக் கொதிக்கிற கூழ உந்தலையில ஊத்துவேன்."

இதற்குள் கிழவி எல்லாவற்றையும் வாந்தி எடுத்திருந்தாள். நான் துணி மாற்றினேன். "இது மொத நாள் இல்ல காசில்டா. அவ வந்துட்டுப் போனாலே இப்படித்தான்," என்றேன்.

"வாந்தி எடுத்தா என்னக்கா? வாய்க்குள்ள போச்சில்ல!" என்று தாயிடம் திரும்பினாள். "அவ கையில அப்படி என்னம்மா இருக்கு? எனக்குத்தான் பால் இல்லாமப் போச்சு. இப்ப நீயும் இல்லாமப் போகணுமா?"

வென்டூரா சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"அவ நீட்டினா வாய் தானாத் தொறக்குதுடி. அந்த வீட்டுல வேணாம்னு சொன்னவங்க யாரு? உங்கிட்டதான் சொல்ல முடியும். அதான் சொல்றேன்."

காசில்டா கரண்டியைப் பானையில் போட்டாள். அப்புறமும் குரலில் சூடு தணியவில்லை.

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"ஆத்து எறாலு. தலைய இடிச்சு, மொளகாப் போட்டு, தண்ணியா. எனக்கு இனிப்பு என்னிக்கும் புடிச்சதில்ல."

"ஊரே நக்கித் திங்குற கூழு!"

"ஊரு திங்கட்டும்."

மறுநாள் காலை கூழ்ப்பானை அடுப்பேறவில்லை. காசில்டா விடியுமுன் ஆற்றங்கரைக்குப் போய் இறால் வாங்கிவந்து சாறு வைத்தாள். கிழவி பாதி குடித்துவிட்டு, போதும் என்று முகத்தைத் திருப்பினாள். வற்புறுத்த வேண்டாம் என்றேன். வயிற்றில் தங்கியது.

வண்டி வந்து நின்றது. காசில்டா கிண்ணத்தோடு போய் வாசலை அடைத்து நின்றாள்.

"அம்மா சாப்பிட்டாச்சு. நீங்க கெளம்புங்க."

மென்சியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காசில்டா அவளைப் பார்த்தபடியே மீதிச் சாற்றை மடக்மடக்கென்று குடித்தாள். வண்டி திரும்பும்வரை நகரவில்லை.