அண்ணனின் திக்கல்

முகம்மா பிரபாகரன் நடித்தது நூற்றுப் பதினேழு படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் அவன் திக்கித் திக்கித்தான் பேசினான். நிஜத்தில் அவனுக்குத் திக்கல் கிடையாது. மழை நாளில் ஓட்டுத் தண்ணீர் கொட்டுகிற மாதிரிப் பேசுகிறவன். திக்கல் அவன் அண்ணன் சதாசிவனுடையது.

சதாசிவனுக்கு, அவர்கள் ஊரான முகம்மாவிலிருந்து குமரகம் போகும் படகில் டிக்கெட் கொடுக்கும் வேலை. எண்கள் அவன் வாயிலிருந்து சுலபமாக வந்துவிடும். சில எழுத்துகளில்தான் சிக்கிக்கொள்வான், அதிலும் 'ச' வந்துவிட்டால் தீர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொள்வான். வலது கை தொடையில் இரண்டு தடவை தட்டும். கழுத்து, மீனை விழுங்கும் நீர்க்காகம் போல நீளும். பிறகு சொல் மொத்தமாக வந்து விழும். தினமும் படகேறுகிற கயிற்றுத் தொழிலாளிப் பெண்களுக்கு இது பழகிப்போயிருந்தது. அவன் முடிக்கும்வரை காயலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சில்லறையை வாங்கிக்கொள்வார்கள்.

சதாசிவனுக்கு இருபத்தெட்டு வயதானபோது தண்ணீர்முக்கத்தில் ஒரு பெண் பார்க்கப் போனார்கள். மாமாவும் பதினெட்டு வயதுப் பிரபாகரனும் கூடப் போனார்கள். தரகர் திக்கலைப் பற்றி அங்கே மூச்சு விட்டிருக்கவில்லை. பெண்ணின் பெயர் லீலாமணி. தேநீரையும் அச்சப்பத்தையும் வைத்துவிட்டு, வெறும் தட்டோடு கதவோரம் போய் நின்றாள். அவளுடைய சித்தப்பா, பையனுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். தலையாட்டியிருந்தால் போதும். சதாசிவன் வாய் திறந்தான். 'ச'வில் நின்றுவிட்டது. கண் மூடியது, கை தொடையைத் தட்டியது, கழுத்து நீண்டது. சித்தப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு திண்பண்டம் கொறித்துக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். லீலாமணி சிரிக்கவில்லை. அவன் அந்தச் சொல்லை முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவன் முடித்த பிறகே உள்ளே போனாள்.

திரும்பி வரும் படகில் சதாசிவன் தம்பியிடம் சொன்னான்: "தலையாட்டிருக்கலாம்டா. ஆனா அந்தப் பொண்ணு அத என் வாயால கேக்கணும்னு தோணிச்சு." இதைச் சொல்லி முடிப்பதற்குள் படகு பாதித் தூரம் வந்திருந்தது.

மூன்றாம் நாள் தரகர் வந்து, அவர்களுக்கு விருப்பமில்லையாம் என்றார். அதற்குப் பிறகு சதாசிவன் வேறு பெண் பார்க்கப் போகவில்லை.

பிரபாகரன் ஆலப்புழையில் ஒரு மிமிக்ரி குழுவில் சேர்ந்தான். ரயில், காக்கை, மந்திரிமார் என்று எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். வைக்கம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவனோடு நடிக்க வேண்டியவன் வரவில்லை. பத்து நிமிடத்தை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அண்ணன் பெண் பார்த்த கதையை நடித்துக் காட்டினான். ஜனங்கள் மண்ணில் புரண்டு சிரித்தார்கள். அதிலிருந்து எந்த ஊரில் மேடையேறினாலும் அதைத்தான் கேட்டார்கள். முகம்மாவைச் சுற்றிப் பத்து மைலுக்குள் மட்டும் அவன் அதை எடுக்கவே மாட்டான். தொண்டை சரியில்லை என்பான்.

கோட்டயத்தில் அதைப் பார்த்த ஐசக் பனைக்கல் என்ற இயக்குநர் தன் படத்தில் அந்தக் காட்சியை அப்படியே வைத்தார். மாப்பிள்ளையாகப் பிரபாகரன். படப்பிடிப்பில் பெண்ணாக நடிக்க வந்தவளிடம் ஐசக், நீயும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும் என்றார்.

"அவ சிரிக்கல சார்," என்றான் பிரபாகரன்.

"எவ?"

பிரபாகரன் ஒன்றுமில்லை என்றான்.

"அவ சிரிக்காம நின்னா பாக்கறவனுக்குப் பரிதாபம் வந்துரும். பரிதாபம் வந்தா சிரிப்பு செத்துரும். புரியுதா?" என்றார் ஐசக். நடிகை சிரித்தாள். ஒரே தடவையில் காட்சி சரியாக வந்தது.

படம் வந்த அன்று சதாசிவன் விடுப்பு எடுத்து, தன்னோடு படகில் வேலை செய்யும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஆலப்புழைக்கு மதியக் காட்சிக்குப் போனான். தம்பி சினிமாவில் வருகிறான் என்ற பெருமை. டிக்கெட் எல்லாம் அவன் செலவு. பிரபாகரன் தியேட்டர் கதவருகே இருட்டில் நின்றிருந்தான். அந்தக் காட்சி வந்தபோது அரங்கம் அதிர்ந்தது. கூட வந்த நாலு பேரும் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன் சதாசிவனைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சதாசிவன் எழுந்து போகவில்லை. கடைசி எழுத்து ஓடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான்.

சாயங்காலம் பிரபாகரன் கையில் அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தபோது, சதாசிவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"என் கையி, என் தொட, என் கண்ணு. எல்லாம் அப்படியே இருக்குடா," என்றான். அன்று அவன் அவ்வளவாகத் திக்கவும் இல்லை. "ஆனா அவ சிரிக்கல. நீயும் அங்கதான இருந்த?"

"டைரக்டர் சொன்னாரு சேட்டா..."

சதாசிவன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அதன்பிறகு சாகும்வரை தம்பியிடம் ஒரு சொல் பேசவில்லை.

படம் நூறு நாள் ஓடியது. படகில் கல்லூரிப் பையன்கள் டிக்கெட் வாங்கும்போது தொடையைத் தட்டி, "சம்மதமா சேட்டா?" என்று கேட்டார்கள். அந்தத் திக்கலுக்குச் சொந்தக்காரனிடமே கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. சினிமாவைப் பார்த்து இவன் நடிக்கிறான் என்றுதான் நினைத்தார்கள். ஒரு வருடம் பொறுத்தான். பிறகு எழுதிக் கொடுத்து, படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டும் வேலைக்கு மாறிக்கொண்டான். அந்த வேலைக்குப் பேச்சு வேண்டியதில்லை.

பிரபாகரன் அதே தோட்டத்தில் தனக்கு மாடி வீடு கட்டிக்கொண்டான். பழைய வீட்டில் அண்ணனும், புருஷனை இழந்து திரும்பி வந்த தங்கை தங்கமணியும். இவனுக்குக் கை நிறைய வேலை. மாப்பிள்ளையாக, வக்கீலாக, போலீஸ்காரனாக, பூசாரியாக, எதுவானாலும் திக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் கதையைக் கேட்பதற்கு முன்பே, நம்ம பிரபாகரன் எத்தனை இடத்தில் திக்குகிறான் என்றுதான் கேட்டார்கள். ஒரே ஒரு தடவை, மகனை வெள்ளத்தில் பறிகொடுத்த தகப்பனாக நடித்தான். எர்ணாகுளத்தில் முதல் நாள் ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்தான். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயைத் திறந்தபோதே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாம் வாரம் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்.

பிறகு தொலைக்காட்சியில் ஒரு பேட்டி. அந்தத் திக்கலை எங்கே பிடித்தீர்கள் என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். பிரபாகரன் யோசிக்கவில்லை. முகம்மா சந்தையில் ஒரு பைத்தியக்காரன் இருந்தான், பாவம், செத்துப்போய்விட்டான் என்றான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று இரவு தங்கமணி வேலிப் பக்கம் வந்து தன் சின்ன அண்ணனைக் கூப்பிட்டாள்.

"கொச்சேட்டா, நாங்க ரெண்டு பேரும் சோத்துத் தட்டோட உக்காந்து பாத்துட்டிருந்தோம்," என்றாள். "அவரு டிவிய அணச்சிட்டு, தட்டக் கழுவி வச்சிட்டுப் போயிப் படுத்துட்டாரு. பைத்தியம்னதக்கூட விடு. செத்துட்டாருன்னு எதுக்குச் சொன்ன?"

ஒருவேளை அப்படி ஆகிவிட்டால் நல்லது என்று என்றைக்கோ நினைத்திருக்கலாம். அதை அவளிடம் சொல்ல முடியுமா? மறுநாள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் முள்ளுக் கம்பி கட்டியிருந்தது. கட்டியவன் சதாசிவன்.

காலம் மாறியது. புதிதாக வந்த இயக்குநர்கள் மரியாதையாகப் பேசினார்கள், காபி கொடுத்தார்கள், ஒருவருடைய குறையை வைத்துச் சிரிக்க வைப்பது இப்போது சரியாக இருக்காது சேட்டா என்றார்கள். பிரபாகரனுக்குக் கோபம் வந்தது. அவர்கள் சொல்வது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம். வேறு எதையும் நடிக்கக் கற்றுக்கொள்ளவும் இல்லை, யாரும் கற்றுக்கொள்ள விடவும் இல்லை. சேனல் நகைச்சுவைப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தான். போட்டிக்கு வந்தவர்கள் அவனைப் பார்த்துத் திக்கிக் காட்டினார்கள். ஒருவன் நெஞ்சில் தட்டினான்.

"நெஞ்சில இல்ல மோனே, தொடையில. ரெண்டே தடவ," என்று பிரபாகரன் திருத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

சதாசிவன் எழுபத்துமூன்றாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு அடைத்து விழுந்தான். கம்பியை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிரபாகரன் சாலைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் அண்ணன் வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் நல்ல கூட்டம். பாதிப் பேர் சினிமாக்காரனைப் பார்க்க வந்தவர்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால் தம்பிதான் கொள்ளி வைத்தான். தெற்குத் தோட்டத்தில் சிதை எரியத் தொடங்கியதும், குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மாமரத்தடியில் வந்து நின்றான். அண்ணனோடு படகில் வேலை பார்த்த ஒருவருடைய மருமகன் பக்கத்தில் வந்தான். மரியாதையான பையன். இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் அம்மா படுக்கையில் இருக்கிறாள், உங்கள் பெரிய ரசிகை, அவளுக்காக அந்த ஒரு சொல் மட்டும் என்று வீடியோ எடுக்கப் போனை நீட்டினான்.

மாட்டேன் என்று சொல்லத்தான் பிரபாகரன் வாய் திறந்தான். அப்படித்தான் பிறகு மனைவியிடம் சொன்னான். ஆனால் போனைக் கண்டதும் கண் தானாக மூடிக்கொண்டது, கை ஈர வேட்டி மேல் இரண்டு தடவை தட்டியது. பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கண்ணைத் திறந்தபோது, சிதைக்கு எண்ணெய் கொண்டுவந்த தங்கமணி எதிரே நின்றிருந்தாள்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சஞ்சயனத்துக்கு நீ வர வேண்டாம். எலும்ப நானே பொறுக்கிக்கறேன்," என்றாள்.

ஐந்தாம் நாள், சஞ்சயனத்தன்று, அவன் தன் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வந்து போகும் சத்தமும், பாத்திரம் உருட்டும் சத்தமும் கேட்டன. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பதினொரு மணி வாக்கில் கொச்சியிலிருந்து போன் வந்தது. மாமரத்தடியில் எடுத்த அந்த வீடியோவை ஊரெல்லாம் பார்த்துவிட்டார்களாம். பின்னால் புகைந்துகொண்டிருந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நகைக்கடை விளம்பரத்தில் மாப்பிள்ளையின் தாத்தாவாக நடிக்க வேண்டும், நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார்கள்.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பிரபாகரன் கேட்டான். போனை வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கும்படி உள்ளே பார்த்து மனைவியிடம் சொன்னான்.