வலியைக் கவனித்தவர்

நான் உளவியல் பேராசிரியர். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, மனம் லேசாகும் என்று ஊருக்குச் சொல்லித் தருவது என் பிழைப்பு. வீட்டில் காபி ஆறிப்போனால் டம்ளரைத் தூக்கி எறிவேன். அதெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் வராது.

திரேஸ்புரத்தில் கடலடியில் இறங்கிச் சங்கு எடுப்பவர்களின் மனநலத்தை ஆராயப் போனேன். முதல் நாள் அவர்கள் படகிலேயே ஏறிப் பார்த்தேன். மூச்சுக்குக் கம்ப்ரசர் காற்றுக்குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே வந்ததும் எங்கேயாவது துளி வலித்தால் போதும், "ஏலே, தோளு இழுக்குலே!" என்று ஒரே அலறல். உடனே மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். 'வலியைப் பெரிதுபடுத்தும் மனப்பான்மை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஏன் கத்துகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் படிப்பு என்ன ஆவது?

எட்டு வாரப் பயிற்சி. வலித்தால் கத்தாதீர்கள், அமைதியாக அதையே கவனியுங்கள், வந்த மாதிரி போய்விடும் என்றேன். பாதிப் பேர் தூங்கினார்கள். ஒருவர் மட்டும் முதல் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். என் கேள்வித்தாளில் அவருக்குத்தான் அதிக மதிப்பெண். கல்லூரியில் அவரைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஆறாம் வாரம் ஒருநாள், மேலே ஏறியதும் அவருக்குத் தோள் இழுத்திருக்கிறது. சொல்லவில்லை. படகோரம் கண்ணை மூடி உட்கார்ந்து கவனித்திருக்கிறார். தியானத்தைக் கெடுக்க வேண்டாமென்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். கரைக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

ஆழத்திலிருந்து ஏறியவருக்கு மூட்டு வலித்தால் ரத்தத்தில் காற்றுக்குமிழி சேர்ந்திருக்கலாம், அந்த நிமிடமே சொன்னால் காப்பாற்ற வாய்ப்புண்டு என்று டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தப் படகில் எல்லோருக்கும் அது தெரியும். அதற்காகத்தான் கத்தினார்கள்.

எட்டாம் வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் கடைசிக் கேள்வித்தாள். ஆமாம், அதையும்தான் கொண்டுபோனேன். ஒரு ஆள் குறைந்தால் ஆய்வு கெட்டுவிடுமே.

அவர் மனைவி வாசலை மறித்தார். "வலிச்சா கத்துத மனுசன் சார் அவிய. நீங்கதான வாய மூடச் சொல்லிக் குடுத்திய?"

"ஏளா, சும்மா இரு. சாரை உள்ள விடு" என்று கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது.

எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நானும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டேன். முடித்துவிட்டு எழுந்தபோது என் கையைப் பிடித்தார்.

"ஆறு வாரம் வந்தும் எனக்குச் சரியாக் கவனிக்கத் தெரியல சார். கவனிச்சிருந்தா வலி போயிருக்கும்லா? ஒங்க பேரக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

தப்பு அவருடையது இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்லை" என்றேன்.