ரோட்டைக் கழுவினது ஏன்

பிரமிளாவிடம் ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் ஊரே சிரிக்கும். பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று சொல்வதற்கு, அந்த எருமையை எந்தச் சந்தையில் வாங்கினார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பாள். கேட்கிறவர்கள் நடுவில் எழுந்து போய்விடுவார்கள். அவளுடைய நைனா கோவர்த்தனன் மட்டும் கடைசி வரை உட்கார்ந்து கேட்பார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஆந்திர எல்லையில், பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் இரண்டு எருமையும் வைத்திருந்த அந்த மனிதருக்கு, மகள் பேச்சைவிடப் பெரிய பொழுதுபோக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட பெண், எஸ்.ஐ. ஆக வேண்டும் என்ற ஆசையில், திருப்பதியில் ஒரு கல்லூரியில் குற்றவியல் படிக்கப் போனாள். அங்கே ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ரிட்டையர் ஆன ஒரு இன்ஸ்பெக்டர். முதல் நாள் ஒரு மாணவனை விட்டு முன்வரிசைப் பெண்ணின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடச் சொன்னார். பார்த்ததை எழுதுங்கள் என்றார். பிரமிளா தெலுங்கில் நாலு பக்கம் எழுதினாள். பையைப் பறிகொடுத்தவள் பாவம் என்றும், ஓடினவன் முகத்தில் பசி தெரிந்தது என்றும் எழுதினாள்.

தாள் திரும்பி வந்தபோது அவள் எழுத்தைவிடச் சிவப்பு மைதான் அதிகம் இருந்தது. "பசியைக் கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டார் அவர். "யார், எங்கே, எப்போது, என்ன செய்தார். அவ்வளவுதான் ரிப்போர்ட். ஏன் செய்தார் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும்."

பிடிவாதக்காரி அல்லவா, விடுவாளா? வார்த்தை வார்த்தையாக வெட்டப் பழகினாள். முதலில் 'பாவம்' போனது, பிறகு 'ஐயோ' போனது, 'ஒருவேளை' போனது. இரண்டாம் வருஷம் முடிவதற்குள், அவள் ரிப்போர்ட்டைத்தான் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். பழக்கம் போனிலும் ஒட்டிக்கொண்டது. துன்னியா என்றால் துன்னேன், தூங்கினியா என்றால் தூங்கினேன்.

"இன்னா பிரமிளா, தந்தி அடிக்கிற மாதிரி பேசறே? இன்னும் ஏதனா சொல்லேன்" என்பார் கோவர்த்தனன்.

"படிக்கணும் நைனா. ஊருக்கு வந்து சொல்றேன்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து அவள் பிற்பாடு அழுத அழுகை கொஞ்சமல்ல.

மாங்காய் சீசனில், சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிகளுக்கு லோடு லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற நாட்களில், கோவர்த்தனன் விடியற்காலையில் மொபெட்டில் பால் ஊற்றப் போனார். ஊர் முனை வளைவில் ஒரு லாரி அவரை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடினவள் அவர் மனைவி கிருஷ்ணம்மா.

அப்போது அவருக்கு நினைவு இருந்தது. "பாலெல்லாம் கொட்டிப் போச்சே" என்றாராம். "கேனை எடுத்து வை." ஆம்புலன்ஸ் வந்தது. அவருடைய தம்பி கோபிகிருஷ்ணன் கூட ஏறிக்கொண்டு, "நீ பின்னாடி பஸ்ல வா அண்ணி" என்றார். வண்டி திருப்பதிக்குப் போனது. கிருஷ்ணம்மா கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆம்பளையின் ரத்தம் தரையில் சிந்தினால் யார் காலும் அதில் படக்கூடாது, நாய் மோந்து பார்க்கக்கூடாது. பட்டால் அடிபட்டவன் எழுந்திருக்க மாட்டான் என்று பயம். அவர் பிழைத்து வர வேண்டும் என்று, கிருஷ்ணம்மா வாளியில் சாணித் தண்ணீரும் மஞ்சளும் கரைத்து எடுத்து வந்தாள். பாலும் ரத்தமும் கலந்து கிடந்த ரோட்டைத் துடைப்பம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். உடைந்து கிடந்த லாரிக் கண்ணாடி யார் காலிலாவது குத்துமே என்று, அதையும் கூட்டி அள்ளி, ஓடுகிற ஏரிக் கால்வாயில் கொட்டினாள். பிறகுதான் பஸ் ஏறினாள்.

அவள் போய்ச் சேருவதற்குள் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் மகள்தான் நின்றிருந்தாள்.

போலீஸ் வந்து பார்த்தபோது ரோடு பளிச்சென்று இருந்தது. டயர் தடம் இல்லை, ஒரு சில்லுக் கண்ணாடி இல்லை. போலீசுக்குச் சொல்லாமல் கோபிகிருஷ்ணன் கால்வாயில் ஆள் இறக்கித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள், ஃபிர்யாது, அதாவது புகார், எழுதிக் கொடுங்கள் என்றார் ஸ்டேஷன் ரைட்டர். முதலில் பார்த்தவள் கிருஷ்ணம்மா என்பதால் அவள் பெயரில்தான் தர வேண்டும். தமிழ், தெலுங்கு இரண்டும் பேசுவாளே தவிர, அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. பிரமிளா எழுத உட்கார்ந்தாள்.

கோபிகிருஷ்ணன் குனிந்து அவள் காதோடு சொன்னார். "மழெ பேஞ்சி எல்லாம் அடிச்சிக்கினு பூட்ச்சின்னு எழுதிடு. அண்ணி கழுவினாங்கன்னு எழுதாதே. காலத்துக்கும் அந்தப் பேரு நிக்கும்."

"அன்னிக்கு மழெ பெய்யல சித்தப்பா" என்றாள் பிரமிளா. அவளுக்கு மட்டும் ஆசையா? அந்த ஒரு வரியை எழுத அவள் கை எவ்வளவு நேரம் நின்றது என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் கண்ணாடி எங்கே என்று நாளைக்கு யாராவது கேட்டால், பொய் சொன்ன பெண் என்று அம்மாவை நிறுத்திவிடுவார்கள். எழுதினாள். 'சம்பவ இடத்தை நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கண்ணாடித் துண்டுகளைக் கால்வாயில் கொட்டினேன்.' பிசிறில்லாத இரண்டு வரி. இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாள் கிருஷ்ணம்மா. கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு, "ஏன் கழுவினேன்னு எழுதலியே" என்றாள்.

"ஏன்னு எழுதக் கூடாதும்மா. நடந்தது மட்டுந்தான்."

"அப்போ இதெப் படிக்கிறவங்க இன்னா நெனைப்பாங்க? புருசனெ அடிச்ச வண்டிக்காரனெ நானே தப்பிக்க வுட்டேன்னு தானே?" கிருஷ்ணம்மா குரல் உயரவில்லை. "தெரியும்மே எனக்கு. அந்தக் கண்ணாடி இருந்தா வண்டியெப் பிடிச்சிருப்பாங்க. எங்கையாலேயே அள்ளிக் கொட்டினேன். நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிக்கினு இருக்கறீங்க."

 பிரமிளாவுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்த எதுவும் அந்த நிமிஷத்துக்கு உதவவில்லை. பேனாவை எடுத்து, பழைய பிரமிளாவாக எழுதினாள். கேனை எடுத்து வை என்று நைனா சொன்னது, வாளியில் மஞ்சள் கரைத்தது, அவர் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் ரத்தத்தை யாரும் மிதிக்கக் கூடாது என்று கழுவினது, எல்லாம் எழுதினாள். ஒரு பக்கம் கூடிப்போனது. ரைட்டர் பெருமூச்சு விட்டாரே தவிர, வாங்கிக்கொண்டார். கிருஷ்ணம்மா கைநாட்டு வைத்தாள்.

லாரி அகப்படவே இல்லை. அடுத்த மாங்காய் சீசனுக்கு முன்னால், வழக்கை முடித்துவிட்டதாக ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. பிரமிளா ஊரில் இருந்த நாள் அது. எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"படி."

அரைப் பக்கம்கூட இல்லை. 'சம்பவ இடம் இறந்தவரின் மனைவியால் கழுவப்பட்டதால் தடயம் ஏதும் கிடைக்கவில்லை. வாகனம் கண்டுபிடிக்க முடியாதது என முடிக்கப்படுகிறது.' யாரோ நன்றாகப் பயிற்சி எடுத்தவர் எழுதியது. பிரமிளாவே அப்படித்தான் எழுதியிருப்பாள்.

"நம்ம சொன்னது இருக்குதா? ஏன் கழுவினேன்னு?"

"இருக்குதும்மா" என்றாள் பிரமிளா. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ரிப்போர்ட் எழுதுகிற அதே தெலுங்கில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கணவர் உயிர் பிழைக்க வேண்டும் என்றும், அவர் ரத்தத்தில் யார் காலும் படக்கூடாது என்றும், மனைவி மஞ்சள் நீரால் அந்த இடத்தைச் சுத்தம் செய்தார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

கிருஷ்ணம்மா தலையாட்டிக் கேட்டாள். "யாரோ நல்ல மனுசன் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, எருமையிடம் போனாள்.