ஆயிரம் பேர் பார்க்கிற கம்ப்யூட்டர்

லினக்ஸ் போட்டால் வைரஸ் வராது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். திருக்கோகர்ணத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை எனக்கு. கடை சின்னது, வாய் பெரிது.

அரிமளத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர். அவருடைய கம்ப்யூட்டரில் மாதம் தவறாமல் வைரஸ். ஒருநாள் எனக்குப் பொறுமை போய், அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

"இதுல ஒளிவுமறைவே கெடையாதுங்க. உள்ள எழுதியிருக்குறத யாரு வேணாலும் படிக்கலாம். ஓட்டை இருந்தா எவனாவது கண்டுபிடிச்சு அடைச்சிருவான். ஆயிரம் பேரு பாத்துக்கிட்டே இருக்காங்க, நீங்க நிம்மதியா இருங்க."

அந்த ஆயிரம் பேரில் நான் இல்லை. ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

சின்னச் சின்னக் கோளாறுக்கெல்லாம் அரிமளத்துக்கு யார் அலைவது என்று, என் கடையிலிருந்தே இன்டர்நெட் மூலம் அவர் கம்ப்யூட்டருக்குள் போய்வர ஒரு வழியும் திறந்து வைத்துக்கொண்டேன். ஒருமுறை அப்டேட் போட்டதும் அவருடைய பிரின்டர் படுத்துவிட்டது. பஸ் பிடித்துப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் அவரிடமிருந்து போன்.

"அண்ணே, மறுபடியும் அப்டேட் கேக்குதுண்ணே. குடுக்கவா?"

"கேட்டா கேட்டுட்டுப் போகுது. மூடிட்டு வேலையப் பாருங்க. இதுக்கெல்லாம் ஒண்ணும் வராது."

பிறகு அவர் கேட்கவில்லை. தினமும் அந்தக் கட்டம் திரையில் வரும், தினமும் மூடுவார். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, எல்லாவற்றையும் யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். படங்களை நகல் எடுத்து வைக்க என்று வாங்கிய டிஸ்க்கையும் மனிதர் அதிலேயே செருகி வைத்திருந்ததால் அதுவும் போயிற்று. துருவிப் பார்த்தேன். நான் திறந்து வைத்த வழியில்தான் வந்திருந்தார்கள். அந்த வழியில் இருந்த ஓட்டையை யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ கண்டுபிடித்து, அடைத்து, அப்டேட்டாக அனுப்பியும் இருந்தார். அதைத்தான் நாங்கள் தினமும் மூடிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒரு அம்மா வந்தார். மகள் விபத்தில் இறந்து பத்து நாள். அவளுடைய போனும் அவளோடு நொறுங்கிவிட்டது. போன வருஷம் காலேஜில் சேருவதற்கு முன் முதன்முதலாகச் சேலை கட்டி இந்த ஸ்டூடியோவில்தான் ஒரு படம் எடுத்திருக்கிறாள். பிறகு பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பிரின்ட் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். பதினாறாம் நாள் மாலை போட்டு வைக்க அந்தப் படம் வேண்டும்.

ஸ்டூடியோக்காரர் விஷயத்தைச் சொல்லி அழுதேவிட்டார். "ஆயிரம் பேரு பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு இவருதாம்மா சொன்னாரு. அத நம்பித்தாம்மா இருந்தேன்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஏந் தம்பி, அந்த ஆயிரம் பேருல ஒருத்தருகிட்டயாச்சும் எம்மவ படம் இருக்காதா? கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். பாவி, அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

பதினாறாம் நாள் வரைக்கும் தினமும் காலையில் போன் செய்து, "கேட்டீங்களா தம்பி?" என்றார். ஒவ்வொரு முறையும், "பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்றேன்.