ஸ்ட்ரெச்சர் இல்லாத ஆம்புலன்ஸ்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மயிலாப்பூரில் தொடங்கி மயிலாப்பூரிலேயே முடிவதாக இருந்த முப்பது கிலோமீட்டர் நடைப்பயணத்தில் நடந்த சம்பவம் இது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கிண்டியில் மின்னணுக் கருவிகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், சோதனைப் பிரிவில் பொறியாளராக இருந்தேன்.

எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து இலவச ஆம்புலன்ஸ் ஒன்றை நடத்தி வந்தார்கள். ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் வீட்டுத் தொலைபேசி. அவ்வளவுதான். இன்னொரு வண்டிக்கு ஆதரவு திரட்டத்தான் அந்த நடைப்பயணம். ஏற்பாடுகளை என்னிடம் விட்டார்கள். பட்டியல் எழுதாமல் நான் காய்கறிக் கடைக்குக்கூடப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாற்பத்தோரு வரிகளில் ஒரு பட்டியல் போட்டேன். அதில் எனக்கு இடித்தது ஒன்றுதான்: தண்ணீர் கேன்கள், மோர்ப் பானை, இரண்டு வாழைத்தார், பாய், மடக்கு நாற்காலிகள் எல்லாவற்றையும் எதில் ஏற்றுவது? ஆம்புலன்ஸ் எப்படியும் எங்கள் பின்னால்தானே வரப்போகிறது! முதல் நாள் மாலை, ஸ்ட்ரெச்சரையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் இறக்கி வைத்துவிட்டுச் சாமான்களை ஏற்றச் சொன்னேன்.

டிரைவருக்கு அது பிடிக்கவில்லை. "ஸ்ட்ரெச்சர் இல்லன்னா அதுக்குப் பேரு வெறும் வேன்ம்மா" என்றார்.

"நாளைக்கு நாமதாண்ணே பேஷண்ட். கால் கொப்புளத்துக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டாம்" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தொலைபேசி வைத்திருந்த பெரியவரிடமும், மதியம் இரண்டு மணி வரை வண்டி எங்களோடு இருக்கும், யார் கூப்பிட்டாலும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்று தெரிவித்துவிட்டு, அந்த வரிக்கு நேராக ஒரு டிக் போட்டேன்.

காலை ஐந்து மணிக்கு நாற்பது பேர் கிளம்பினோம். தி. நகர் வரை பேச்சும் சிரிப்புமாகத்தான் போனது. அசோக் நகர் தாண்டியதும் பேச்சு குறைந்தது. வேளச்சேரியில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏரியை ஒட்டிய மண் சாலையில் புழுதி காலோடு ஒட்டிக்கொண்டது. இடது குதிகாலில் கொப்புளம் வந்து, உடைந்து, அடையாறு வருவதற்குள் காலுறை நனைந்திருந்தது. அடுத்த விளக்குக் கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று எண்ணிக்கொண்டுதான் நடந்தேன். அடையாற்றுப் பாலத்தில் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏறிக்கோம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். நான் ஏறவில்லை. வண்டி முதல் கியரில் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது.

சாந்தோம் வந்தபோது மணி ஒன்று. மாதா கோயிலுக்குச் சற்று முன்னால், குப்பத்துப் பக்கமிருந்து ஒரு பெண்மணி ஓடிவந்து வண்டிக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார். மீன் விற்பவர் என்பது சேலையில் ஒட்டியிருந்த செதில்களிலேயே தெரிந்தது.

"ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. வேர்த்து ஊத்துது. ஆட்டோல குந்தவெச்சா மூச்சு முட்டுது. அரை மணி முன்னாடியே போன் பண்ணேன், வண்டி நடக்கப் போயிக்கீதுன்றாரு ஒரு பெரியவரு. வண்டி எங்கனா நடக்குமா?"

அரை மணிக்கு முன்பு நாங்கள் பாலத்தில் இருந்தோம். அங்கிருந்து இந்த இடத்துக்கு வண்டியில் பத்து நிமிடம்கூட ஆகாது.

டிரைவர் பின்கதவைத் திறந்தார். அந்தப் பெண்மணி உள்ளே பார்த்தார்.

"இன்னாமா இது? வெளிய ஆம்புலன்ஸ்னு எழுதிக்கீது, உள்ள வாழத்தாரு தொங்குது!"

எல்லோருமாகச் சாமான்களைத் தெருவில் இறக்கினோம். மோர்ப் பானை உடைந்தது. குப்பத்தார் பழைய வலை ஒன்றை நாலாக மடித்து, அதில் அவரைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். உதடு வெளுத்துப் போயிருந்தது. வண்டியின் ஈரத் தரையில் அவரைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே கொக்கியில் ஆக்சிஜன் முகமூடி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் மயிலாப்பூரில், நான் வைக்கச் சொன்ன மூலையில் பத்திரமாக இருந்தது. டிரைவர் சைரனைப் போட்டார்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வழியில ஆக்சிஜன் ஏன் குடுக்கல?"

டிரைவர் தரையைப் பார்த்தபடி, "சிலிண்டர் இல்ல சார்" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான்தான் இறக்கி வைக்கச் சொன்னேன்" என்றேன். டாக்டர் என் சட்டையில் குத்தியிருந்த நடைப்பயண ரிப்பனைப் பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வராந்தாவில் நானும் அந்தப் பெண்மணியும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் காலைப் பார்த்தார்.

"எத்தினி தூரம் நடந்தே?"

"இருபத்தெட்டு கிலோமீட்டர்."

"இன்னாத்துக்கு?"

"இந்த மாதிரி இன்னொரு வண்டி வாங்க."

அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை, அதற்கும் தெம்பு இல்லை. "இருக்குற வண்டி செவனேனு நின்ன எடத்துல நின்னிருந்தா போதுமே, பாப்பா" என்றார். பிறகு முந்தானையைக் கிழித்து என் குதிகாலில் சுற்றிவிட்டார்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். பெண்மணி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். மறு வருடம் நடந்தபோது அவரவர் தண்ணீரை அவரவர் தோளில் சுமந்தோம். வண்டி, ஸ்ட்ரெச்சரும் சிலிண்டருமாக, மயிலாப்பூரில் அதன் இடத்தில் நின்றது. அவர் பிழைத்துவிட்டார் என்ற நிம்மதி எனக்கு உண்டு; ஆனால் ஒரு நல்ல காரியத்தை ஊருக்கு எடுத்துக்காட்டுவதற்காக அதையே அரை நாள் நிறுத்தி வைத்தவள் நான் என்பது, குதிகால் புண் ஆறி இத்தனை வருடமாகியும் ஆறாமல் இருக்கிறது.